ஐந்து கேள்விக்குறிகள்

வீட்டுக் கணக்கில் தொகையைவிட அதன் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்புதான் எனக்கு முக்கியம். 4,500 ரூபாய் செலவானது என்பதை வங்கி ஸ்டேட்மென்ட்டே சொல்லிவிடும். அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் காற்றுப் படுக்கை வாங்கினோம், பணம் தம்பி கொடுத்தது, ஒரு வருடத்துக்குள் மோட்டார் பழுதானால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் நாம் எழுதி வைத்தால்தான் உண்டு.

அப்படி எழுதி வைத்த குறிப்புகள் எங்கள் வீட்டில் ஒரு மென்பொருள் அப்டேட்டில் அழிந்தன. தொகைகளில் ஒரு பைசா குறையவில்லை. எழுத்து மட்டும் போயிற்று. பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தேன். அது ஏன் உதவவில்லை, கடைசியில் எது உதவியது என்பதைக் கணக்கைக் கம்ப்யூட்டரிலோ போனிலோ எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அம்மா கும்பகோணத்தில் என்னோடு இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு எழுந்து நடப்பதில்லை. அண்ணன் சென்னையில், தம்பி கோவையில், தங்கை சிங்கப்பூரில். மூன்று பேரும் மாதா மாதம் பணம் அனுப்புவார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமும் வருகிறது. இரவில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாளின் சம்பளம், பிசியோதெரபி, மருந்து, டயப்பர் என்று செலவு முழுக்க என் கையால் போகும். ஒருவர் பணத்தை ஒருவரே செலவு செய்தால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கேட்க ஆளில்லை. நான்கு பேர் பணம் ஒருத்தி கையில் இருக்கும்போது அப்படி இருக்க முடியாது. யாரும் கேட்க மாட்டார்கள் என்பதாலேயே எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். பொங்கலுக்குப் பொங்கல் மூவருக்கும் கணக்கு அனுப்பிவிட்டு, அன்றே கணக்குக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைப்பது வழக்கம்.

எந்த மென்பொருள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கியது, பல வருடம் ஒழுங்காக உழைத்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் தானே ஒரு பேக்கப் எடுக்கும். சித்திரையில் ஒருநாள் திறந்தபோது புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொன்னது. இறங்கி முடிந்ததும், கோப்பு புதிய அமைப்புக்கு மாற்றப்படும் என்று ஒரு வரி வந்தது. சம்மதம் கொடுத்தேன். மாறியது. இருப்புத் தொகையைச் சரிபார்த்தேன், அச்சாக அதே தொகை. அதன் பிறகு எழுதிய குறிப்புகள் தமிழில் அழகாகவே நின்றன. திரையில் தெரிவது நடப்பு மாதம்தான், பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டிய வேலை வரவில்லை.

ஆடியில் தங்கை போன் செய்தாள். "அக்கா, கார்த்திகையில நான் தனியா அனுப்பினேனே, கண் ஆபரேஷனுக்கு. அதுல மீதி எவ்வளவு, எதுக்குப் போச்சுன்னு பார்த்துச் சொல்றியா? இவர் ஒரு கணக்குக்குக் கேக்குறார்."

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தலோடுதான் கார்த்திகைப் பக்கத்தைத் திறந்தேன். தேதி இருந்தது, தொகை இருந்தது. குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் "?????, ??? ???????, 18000" என்பதுபோல் வரிசையாகக் கேள்விக்குறிகள். மேலே போனேன், கீழே போனேன். சித்திரைக்கு முந்தைய அத்தனை வருடமும் அப்படித்தான் கிடந்தது. நான் ஆங்கில எண்ணில் எழுதிய தொகைகளும் காற்புள்ளிகளும் மட்டும் இடையிடையே தப்பி நின்றன.

தம்பி மென்பொருள் துறையில் இருக்கிறான். திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அக்கா, அதைத் தொடாதே. மூடக்கூடச் செய்யாதே, அப்படியே வை." ஏன் மூடக் கூடாது என்றான் என்பது பிறகுதான் புரிந்தது.

என்ன நடந்திருக்கும் என்று அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கிறது. யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறிமுறையில் 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடம் உண்டு. அதற்கு முந்தைய எட்டு பிட் குறிமுறைகளில் மொத்தமே 256 இடங்கள்தான். விண்டோஸில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது, ரஷ்ய மொழிக்கு இருக்கிறது, தமிழுக்கென்று கிடையாது. யூனிகோடில் உள்ள தமிழை அந்தப் பழைய குறிமுறைக்குள் தள்ளினால், இடம் கிடைக்காத ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாக மாற்றி எழுதப்படும். புதிய பதிப்பு தமிழை ஒழுங்காகத்தான் சேமிக்கிறது, பழைய கோப்பைப் புதியதாக மாற்றும் வழியில் ஓரிடத்தில் மட்டும் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்றான். எழுத்துரு மாறியிருந்தால் திருப்பிவிடலாம். இதில் எழுத்தின் எண்ணே போய்விட்டது. திருப்ப எதுவும் மிச்சமில்லை.

கேள்விக்குறிகளை எண்ணினால் சொல்லை ஊகிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. எண்ணிப் பார்த்தோம். "தம்பி" என்ற சொல்லில் யூனிகோட் கணக்குப்படி த, ம, புள்ளி, ப, இகரக் கொக்கி என்று ஐந்து குறிகள். "தங்கை" ஐந்து. "அம்மா" ஐந்து. யார் பணம் என்று நான் எழுதி வைத்த வரியில் தம்பியும் தங்கையும் அம்மாவும் ஒரே ஐந்து கேள்விக்குறிகளாகிவிட்டார்கள். அண்ணன் மட்டும் ஆறு குறி, அதனால் அவர் தப்பித்தார். இதைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி போனில் ஒன்றும் பேசாமல் இருந்தான்.

இனி பேக்கப் கதை. மென்பொருள் தானாக எடுக்கும் பிரதிகள் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தன. ஐந்து பிரதிதான் வைக்கும். ஆறாவது வரும்போது மிகப் பழையது அழியும். நான் தினமும் திறந்து மூடுகிறவள். அப்டேட் ஆன வாரத்திலேயே நல்ல பிரதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அவற்றின் இடத்தில் கேள்விக்குறிப் பிரதிகள் உட்கார்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றாவது நல்லதாக மிஞ்சியிருந்தால் அடுத்த மூடலில் அதுவும் போய்விடக் கூடாதே என்றுதான் தம்பி மூட வேண்டாம் என்றிருக்கிறான். மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் மென்பொருள் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. கோப்பின் அமைப்பை மாற்றப் போகும் பதிப்பு, மாற்றுவதற்கு முன் பழைய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, சுழற்சியில் அழியாத இடத்தில் வைக்க வேண்டும். இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. 1980-களிலிருந்து இருக்கும் குவிக்கன் என்ற கணக்கு மென்பொருள், கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது பழையதன் பிரதியைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கிறது. எங்களுடையது அந்தப் பிரதியையும் எடுத்துச் சுழலும் ஐந்தில் ஒன்றாகத்தான் போட்டிருந்தது.

கூகுள் டிரைவிலும் கோப்பு இருந்தது. அது பேக்கப் என்றே நினைத்திருந்தேன். டிரைவின் வேலை இங்கே இருப்பதை அங்கே அப்படியே வைப்பது. இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். நாம் ஏற்றும் கோப்பின் பழைய வடிவங்களை அது 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான் வைத்திருக்கும். சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில் அந்தக் கெடுவும் கடந்துவிட்டது.

மிச்சம் பீரோவில் இருந்த பொங்கல் பென் டிரைவ். அதை எடுத்து லேப்டாப்பில் சொருகியபோது போன உயிர் வந்தது. கோப்பைத் திறந்தேன். புதிய பதிப்பு அதையும் மாற்ற வேண்டும் என்றது. இந்த முறை கோப்பின் நகலை வைத்துத்தான் முயன்றோம், தம்பி அதில் கண்டிப்பாக இருந்தான். மாறியது. அதே கேள்விக்குறிகள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் திறக்கிற கை கெடுக்கிறது. அதைக் கெடுக்காமல் திறக்கப் பழைய பதிப்பு வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் புதியது மட்டும்தான் கிடைத்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். பழைய பதிப்பைத் தருவதில்லை, குறையைக் குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அன்று இரவு நான் நினைத்ததை மறைக்காமல் சொல்கிறேன். மொத்தத் தொகைகள் சரியாக இருக்கின்றன, மருந்து, சம்பளம் என்ற தலைப்புகளும் மென்பொருளே கொடுத்த ஆங்கிலச் சொற்கள் என்பதால் அழியவில்லை. அந்த மொத்தத்தை மட்டும் தங்கைக்கு அனுப்பிவிட்டு, மற்றதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா? தம்பியிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாமா? பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் எடுத்ததில்லை. எழுத்து அழிந்துவிட்டது என்று சொன்னால் யார் மனதில் என்ன ஓடுமோ என்ற பயம்தான். பணக் கணக்கில் உண்மையாக இருந்தவருக்கும் இந்தப் பயம் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா ஊர்க் கோயில் கணக்கை எழுதியவர். வரவு செலவு நோட்டில் ஒரு வரி தவறினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவார், தாளைக் கிழிக்க மாட்டார். அது நினைவுக்கு வந்தது. விடிந்ததும் மூன்று பேருக்கும் நடந்ததை எழுதி, கேள்விக்குறிப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அண்ணன் போன் செய்து, "ஏம்மா, அதுக்கா ராத்திரி தூங்காம இருந்த?" என்றார். தங்கை அழுதாள். அவள் கணவர் கேட்டது வேறு எதற்கோ, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். பழைய பதிப்பு கிடைக்க வழி சொன்னவரும் அண்ணன்தான். "என் பழைய லேப்டாப்பை உங்கிட்ட கொடுத்தேனே, அதுல நீ போட்டிருந்தியே?"

மாடியில் துணிப் பெட்டிக்குள் இருந்தது அந்த லேப்டாப். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரோடு சேர்த்துத்தான் ஓடியது. வைஃபை இணைக்காமல் திறக்கச் சொன்னான் தம்பி, இணைத்தால் அதுவும் அப்டேட் கேட்கும் என்று. பழைய பதிப்பு திறந்தது. பென் டிரைவ் கோப்பைத் திறந்தோம். கார்த்திகைக்குப் போனேன். "தங்கை, கண் ஆபரேஷன், 18000, மீதி ரத்தப் பரிசோதனைக்கு" என்று என் எழுத்து என் எழுத்தாகவே இருந்தது.

அங்கேயே எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்தோம். சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும். அதிலும் ஒரு கண்டம் உண்டு. அந்தக் கோப்பை எக்செலில் நேரடியாகத் தட்டித் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். பயந்து அதையே சேமித்துவிட்டால் சிதைவு நிலைத்துவிடும். எக்செலில் டேட்டா பகுதிக்குப் போய், கோப்பை இறக்குமதி செய்து, குறிமுறை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ் சரியாக வரும்.

பொங்கலுக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட மாதங்களுக்குப் பிரதி இல்லை. அவற்றை மருந்துக்கடை பில், வங்கிக் குறுஞ்செய்தி, பிசியோதெரபிக்கு வரும் பையன் வைத்திருந்த வருகை நோட்டு எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப எழுதினேன். மாசி மகத்துக்கு வந்தபோது என் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போன பணம் மட்டும் இன்றுவரை தெளிவாகவில்லை. தொகை இருக்கிறது, எதற்கென்று கொடுத்தான் என்பது அவனுக்கும் நினைவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் "விவரம் அழிந்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது குனூகேஷ் பயன்படுத்துகிறேன். 1998-இல் முதல் நிலையான பதிப்பு வந்த கட்டற்ற மென்பொருள், இலவசம். அதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இலவசம் என்பதல்ல. அதன் கணக்குக் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் இருக்கிறது, அதைச் சுருக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். செவன்-ஸிப் மென்பொருளில் விரித்து நோட்பேடில் திறந்தேன். குறிகளுக்கு நடுவே "தம்பி", "தங்கை" என்று நான் எழுதியது எழுதியபடி தெரிந்தது. நாளைக்கு அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் என் கணக்கைக் கண்ணால் படித்துவிடலாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய வடிவத்தை ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி என்று 14 இலக்கம் பெயரில் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கிறது. ஆனால் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்கு மேற்பட்டதை அழித்துவிடும். விருப்பங்களில் போய் அதை "எப்போதும்" என்று மாற்றிக்கொண்டேன். நாம் அமைத்துச் சேமித்த அறிக்கைகள் கணக்குக் கோப்புக்குள் இருப்பதில்லை, வேறு ஃபோல்டரில் இருக்கும். 2018-இல் வந்த 3.0 பதிப்பில் அந்த ஃபோல்டரின் இடமே மாறியது. கணக்குக் கோப்பை மட்டும் நகல் எடுத்தால் அறிக்கைகள் வராது. புதிய பதிப்பின் வசதியைத் தொட்ட கோப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கவும் கூடும். எனவே இதிலும் அப்டேட் என்பது ஒருவழிப் பாதை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

போனில் கணக்கு எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இலிருந்து பொதுவாகச் செயலிகள் போனின் பொதுச் சேமிப்பில் நினைத்த இடத்தில் எழுத முடியாது. பல செயலிகள் பேக்கப்பைத் தமக்கென்று ஒதுக்கிய ஃபோல்டருக்குள் வைக்கின்றன. செயலியை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து நீங்கும். அப்டேட்டுக்குப் பிறகு செயலி மக்கர் செய்தால் நம்மில் பலரும் முதலில் செய்வது நீக்கிவிட்டுத் திரும்பப் போடுவதுதான். எதிர்வீட்டுப் பெண்ணின் சீட்டுக் கணக்கு அப்படித்தான் போனது. நீக்கும் முன் பேக்கப்பை மின்னஞ்சலிலோ வேறு கருவியிலோ வெளியே எடுத்துவிட வேண்டும்.

இத்தனை வருடப் பழைய கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வீடு விற்கும்போது தெரியும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டையோ மனையையோ இங்கே வசிக்கிற தனிநபர் விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீத வரியா, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா என்று குறைவானதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் வாங்கிய விலையோடு பிறகு கட்டிய செலவையும் காட்ட வேண்டும். எந்த வருடம் மாடி எழுப்பினோம், கொத்தனாருக்கு எவ்வளவு, சென்ட்ரிங்குக்கு எவ்வளவு என்ற குறிப்பு அன்றைக்குப் பில்லைத் தேடவாவது வழிகாட்டும். மென்பொருளின் ஆயுள் வீட்டின் ஆயுளைவிடக் குறைவு. 1991-இல் வந்த மைக்ரோசாஃப்ட் மணியின் விற்பனை 2009-இல் நின்றது. அடுத்த வருடம் பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் கோப்பைத் திறக்கவாவது வேண்டுமே என்று இலவசப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று இருக்க முடியாது.

எனவே அப்டேட் கேட்கும்போது அன்றைக்கு "பிறகு" என்று தள்ளிவிடுங்கள். கணக்குக் கோப்பை மென்பொருளின் ஃபோல்டருக்கு வெளியே, தேதி போட்ட பெயரில் நகல் எடுங்கள். சிஎஸ்வியாக ஒன்று வெளியே எடுத்து, நோட்பேடில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். நிறுவும் கோப்பு, உரிம எண் இரண்டையும் அந்த நகலோடு சேர்த்து வையுங்கள். அப்டேட் ஆன பிறகு இருப்புத் தொகையோடு நிற்காமல், மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தைப் படியுங்கள்.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் பிள்ளைகள் உலகம் முழுக்க இந்த வேலையில் இருக்கிறீர்கள். பழைய கோப்பைப் புதியதாக மாற்றும் நிரலைச் சோதிக்கும்போது, சோதனைக் கோப்பில் "தம்பி", "தங்கை" என்று இரண்டு வரி தமிழில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் வெளியே வந்தால் அந்தப் பதிப்பை வெளியிடாதீர்கள்.